ஆப்பிரிக்க முதியோரின் ஓய்வூதியமும் மருத்துவமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்கா என்றாலே குழந்தைகளின் பசி, தடுப்பூசி, பள்ளிக்கூடம் என்றுதான் பேச்சு போகும். அந்தக் குழந்தைகளை வளர்க்கிற பாட்டிகளுக்குச் சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் என்ன வழி என்று கேட்பவர்கள் குறைவு. 54 நாடுகள் உள்ள கண்டத்தை ஒரே வாயில் பேசினால் எல்லாமே தப்பாகிவிடும், அதனால் இயன்றவரை நாட்டின் பெயரைச் சொல்லியே பதில் எழுதியிருக்கிறேன்.

ஆப்பிரிக்கா இளைஞர்களின் கண்டம் ஆயிற்றே, அங்கே முதியோர் பிரச்சினை என்று ஒன்று இருக்கிறதா?

இளைஞர்களின் கண்டம்தான். அங்கே வாழ்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் 20 வயதைத் தாண்டாதவர்கள். நூறு பேரை நிறுத்தினால் 60 வயதைக் கடந்தவர்கள் ஐந்தாறு பேர்தான் இருப்பார்கள். ஆனால் மக்கள்தொகை பெரியது என்பதால் அந்த ஐந்தாறு சதவீதமே பல கோடிப் பேர், 2050க்குள் அது 20 கோடியைத் தாண்டிவிடும் என்பது ஐ.நா. கணிப்பு.

இன்னொரு தவறான எண்ணமும் பலருக்கு இருக்கிறது. அங்கே சராசரி ஆயுள் 60 சொச்சம் என்று எங்கோ படித்துவிட்டு, அப்படியானால் 60க்கு மேல் யாரும் இருக்க மாட்டார்கள் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். சிறு வயதிலேயே இறந்துபோகும் குழந்தைகளின் எண்ணிக்கைதான் அந்தச் சராசரியை அவ்வளவு கீழே இழுக்கிறது. 60 வயதை எட்டிவிட்ட ஒருவர் சராசரியாக இன்னும் 15 வருடங்களுக்கு மேல் வாழ்கிறார். அந்த 15 வருடங்களுக்கு வருமானம் எங்கிருந்து வரும், நோய் வந்தால் யாரிடம் போவது என்பதுதான் இந்தப் பக்கம் முழுவதும் பேசப்படும் விஷயம்.

பெரியவர்களை மதிக்கிற சமூகங்கள் அவை, பிள்ளைகள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா?

மதிக்கிறார்கள், பார்த்தும் கொள்கிறார்கள். அந்த நல்ல குணத்தை அரசாங்கங்கள் சாக்காக வைத்துக்கொள்வதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம். "எங்கள் பண்பாட்டில் முதியோர் இல்லமே தேவையில்லை" என்று மேடையில் பேசிவிட்டு பட்ஜெட்டில் முதியோருக்கு ஒன்றும் ஒதுக்காமல் போவது பல நாடுகளில் பல காலமாக நடந்திருக்கிறது.

நிலவரம் என்னவென்றால், தெற்கு ஆப்பிரிக்காவையும் கிழக்கு ஆப்பிரிக்காவையும் எய்ட்ஸ் தாக்கிய காலத்தில் நடுவில் இருந்த ஒரு தலைமுறையே பல வீடுகளில் இல்லாமல் போனது. மகனும் மருமகளும் இறந்துபோக, பேரப்பிள்ளைகள் நான்கைந்து பேரும் பாட்டியின் கையில். பெற்றோரை இழந்த குழந்தைகளில் பாதிப் பேர் தாத்தா பாட்டியிடம்தான் வளர்ந்தார்கள் என்ற நிலை அந்தப் பகுதியின் பல நாடுகளில் இருந்தது. தன்னைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளைகள் வேண்டிய வயதில் அந்தப் பெண்கள் மறுபடியும் தாயானார்கள். எய்ட்ஸ் தொடாத வீடுகளிலும் பிள்ளைகள் நைரோபிக்கோ லாகோஸுக்கோ ஜோகன்னஸ்பர்குக்கோ வேலைக்குப் போயிருப்பார்கள், வேலை நிரந்தரமில்லை, அனுப்புகிற பணமும் நிரந்தரமில்லை. கொடுக்க மனமிருந்தும் கையில் இல்லாத பிள்ளையைக் குறை சொல்லி என்ன பயன்?

மொத்தத்தில் எத்தனை முதியோருக்கு ஓய்வூதியம் கிடைக்கிறது?

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2020-22 அறிக்கைப்படி, உலக அளவில் ஓய்வு வயதைக் கடந்தவர்களில் 77.5 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு ஓய்வூதியம் கிடைக்கிறது, ஆப்பிரிக்காவில் 27.1 சதவீதம் பேருக்குத்தான். சஹாராவுக்குத் தெற்கே மட்டும் எடுத்தால் இன்னும் குறைவு.

காரணம் எளிது. சம்பளத்தில் பிடித்தம் செய்து சேர்க்கிற ஓய்வூதியம் சம்பளம் வாங்குகிறவனுக்குத்தான் பொருந்தும். ஆப்பிரிக்காவில் வேலை செய்கிறவர்களில் 85 சதவீதத்துக்கும் மேல் அமைப்புசாரா வேலைகளில் இருக்கிறார்கள். சொந்தக் காட்டில் மக்காச்சோளம் போடுகிறவர், சந்தையில் தக்காளி விற்கிற பெண், மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றுகிறவர், இவர்களுக்கெல்லாம் யார் பிடித்தம் செய்வது? ஆகவே அரசு தன் வரிப் பணத்திலிருந்து நேரடியாகக் கொடுத்தால்தான் உண்டு.

அப்படி நேரடியாகக் கொடுக்கிற நாடுகள் எவை?

பலர் நினைப்பதைவிட அதிகம். மொரீஷியஸ் 1950லேயே ஆரம்பித்தது, 1958ல் வருமான நிபந்தனையை நீக்கி எல்லோருக்குமாக ஆக்கியது. நமீபியாவில் 60 வயதானால் போதும், வேறு கேள்வி கிடையாது. அங்கே கைரேகை பார்க்கும் கருவியோடு பண வண்டி பாலைவனக் கிராமங்கள் வரை போவது 1990களிலேயே தொடங்கிவிட்டது, ஓய்வூதியத்தோடு ஈமச் செலவுக்கான காப்பீடும் சேர்ந்தே வருகிறது. போட்ஸ்வானா 1996ல் 65 வயதுக்கு மேல் எல்லோருக்கும் என்று ஆரம்பித்தது. லெசோத்தோ 2004, எஸ்வாத்தினி 2005.

தென் ஆப்பிரிக்காவின் கதை கொஞ்சம் நீளம், அதைச் சொல்லாமல் போக முடியாது. 1928ல் சட்டம் வந்தபோது அது வெள்ளையருக்கும் கலப்பினத்தவருக்கும் மட்டும்தான். கறுப்பினத்தவரையும் இந்தியரையும் 1944ல் சேர்த்தார்கள், ஆனால் வெள்ளையருக்குக் கொடுத்ததில் ஒரு சிறு பங்கைத்தான் கொடுத்தார்கள். நிறவெறி ஆட்சி முடியும் தறுவாயில், 1993ல்தான் எல்லோருக்கும் ஒரே தொகை என்றானது. ஆண்களுக்கு 65, பெண்களுக்கு 60 என்றிருந்த வயது வரம்பும் 2010ல் இருவருக்கும் 60 ஆனது. இன்று ஏறக்குறைய 40 லட்சம் பேர் வாங்குகிறார்கள். 2025ல் மாதம் 2,300 ரேண்டைச் சற்றுத் தாண்டிய தொகை, 75 வயதைக் கடந்தவர்களுக்கு அதற்கு மேல் 20 ரேண்ட். வருமான வரம்பு இருக்கிறது, ஆனால் அது தாராளமானது என்பதால் பெரும்பான்மை முதியோர் உள்ளே வந்துவிடுகிறார்கள்.

கிழக்கே இது தாமதமாகத்தான் வந்தது. தான்சானியாவின் ஒரு பகுதியான சான்சிபார் 2016 ஏப்ரலில் 70 வயதைக் கடந்த எல்லோருக்கும் மாதம் 20,000 தான்சானிய ஷில்லிங் கொடுக்க ஆரம்பித்தது, முழுக்கத் தன் சொந்தப் பணத்தில். கென்யா 2018ல் 70 வயதைக் கடந்த எல்லோருக்கும் என்று விரித்தது. உகாண்டா சில மாவட்டங்களில் 65 வயதுக்காரர்களுக்கு என்று ஆரம்பித்துவிட்டு, நாடு முழுக்கக் கொண்டுபோகும்போது 80 வயது என்று வரம்பை ஏற்றிவிட்டது. 80! வயலில் உழைத்துத் தேய்ந்த ஒரு உடம்பு அந்த வயதை எட்டுவது எவ்வளவு அபூர்வம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏழை நாடுகளுக்கு இது கட்டுப்படியாகுமா?

இந்தக் கேள்விக்கு லெசோத்தோவைத்தான் எப்போதும் காட்டுவேன். நாலா பக்கமும் தென் ஆப்பிரிக்கா சூழ்ந்த மலைநாடு, சுமார் 20 லட்சம் மக்கள், ஐ.நா. பட்டியலில் மிகவும் பின்தங்கிய நாடுகளில் ஒன்று, எய்ட்ஸால் நொறுங்கிப்போயிருந்த நேரம். அப்போதுதான் 70 வயதைக் கடந்த எல்லோருக்கும் மாதம் 150 லோட்டி என்று அறிவித்து, அஞ்சலகங்கள் வழியாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். வெளிநாட்டு உதவி வாங்கவில்லை, தங்கள் வருவாயிலிருந்தே கொடுத்தார்கள். மக்கள் அதைத் தங்கள் உரிமையாகவே எடுத்துக்கொண்டார்கள், அதன்பின் தேர்தல் வரும்போதெல்லாம் தொகையை ஏற்றுவது ஒரு வாக்குறுதியாகிவிட்டது.

வயது வரம்பு 70 என்று வைத்தால் முதியோர் எண்ணிக்கை குறைவாக உள்ள நாட்டில் செலவு நாட்டின் மொத்த உற்பத்தியில் ஓரிரு சதவீதத்தில் அடங்கிவிடும். கண்டம் இன்னும் இளமையாக இருக்கும்போதே ஆரம்பித்தால் செலவு குறைவு, 2050ல் ஆரம்பித்தால் மலைப்பாக இருக்கும். பணமே இல்லை என்ற பேச்சை நான் பெரும்பாலும் நம்புவதில்லை, எதற்கு முதலில் கொடுப்பது என்ற முடிவுதான் அது. ஆனால் கடன் வட்டியிலேயே வருவாயில் பெரும்பகுதியை இழக்கிற நாடுகளும் இருக்கின்றன, அவற்றுக்கு இது உண்மையிலேயே கஷ்டம், அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

எல்லோருக்கும் எதற்கு? ரொம்ப ஏழைகளுக்கு மட்டும் கொடுத்தால் போதாதா?

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். கிராமத்தில் போய்ச் செய்து பாருங்கள், அப்போது தெரியும். ஊரில் பத்தில் எட்டு வீடு ஒரே மாதிரி மண் சுவரும் தகரக் கூரையுமாக இருக்கிறது, அதில் யார் "ரொம்ப ஏழை" என்று எதை வைத்துச் சொல்வது? ஆடு எத்தனை, வானொலி இருக்கிறதா, சுவர் செங்கல்லா என்று கேள்வித்தாள் வைத்துக் கணக்குப் போட்டால் உண்மையான ஏழைகளில் பெரும் பகுதி வெளியே நின்றுவிடுகிறது. ஊர்க் குழு தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டால் தலைவருக்கு வேண்டியவர்கள் முதலில் வருகிறார்கள். பக்கத்து வீட்டுக் கிழவிக்குக் கிடைத்தது எனக்கு இல்லையா என்று மனக்கசப்பு வேறு. வயது ஒன்றே நிபந்தனை என்றால் இந்தச் சண்டையே இல்லை. வசதியான சிலருக்கும் போகிறதே என்றால், அவர்களிடமிருந்து வரியாகத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

மொரீஷியஸில் வயதை ஏற்றுகிறார்களாமே?

ஆமாம். 60 வயது என்பதை 65க்குப் படிப்படியாகக் கொண்டுபோகப்போவதாக 2025 ஜூன் பட்ஜெட்டில் அரசு அறிவித்தது, உடனே எதிர்ப்பும் போராட்டமும் கிளம்பின. அங்கே பிறப்பு விகிதம் குறைந்து முதியோர் பங்கு வேகமாக ஏறுகிறது, அரசுக்கும் நெருக்கடி உண்டு. ஆனால் கரும்பு வெட்டியே முதுகு ஒடிந்தவருக்கும் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவருக்கும் ஒரே வயதில் உடம்பு தளர்வதில்லை. மொரீஷியஸ் தமிழர்களின் முன்னோர் பலர் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்கள், இந்த விவாதம் அவர்கள் வீடுகளிலும் நடக்கிறது.

கையில் பணம் கிடைத்தால் கிழவர்கள் என்ன செய்வார்கள்? வீணாகாதா?

பொருளாதார அறிஞர் எஸ்தர் டுஃப்லோ 2003ல் வெளியிட்ட ஆய்வு இதில் பேர்போனது. தென் ஆப்பிரிக்காவில் ஓய்வூதியத்தொகை உயர்ந்த பிறகு, பாட்டி ஓய்வூதியம் வாங்குகிற வீட்டில் வளர்ந்த பேத்திகளின் எடையும் உயரமும் தேறியிருந்தன. தாத்தா வாங்கிய வீடுகளில் அப்படி ஒரு மாற்றம் தென்படவில்லை. தாத்தாக்களைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. முதியோருக்குக் கொடுக்கிற பணம் அவர்களோடு நின்றுவிடுவதில்லை என்பதற்காகச் சொல்கிறேன். பள்ளிச் சீருடை, மாவு, சமையல் எண்ணெய், பேரனின் பஸ் கட்டணம் என்றுதான் அது கரைகிறது. தென் ஆப்பிரிக்காவின் கிராமப்புறங்களில் "கோகோ"வின், அதாவது பாட்டியின், ஓய்வூதியம் ஒன்றை நம்பியே மொத்த வீடும் நிற்பது சர்வ சாதாரணம்.

அதில் ஒரு கஷ்டமும் இருக்கிறது. வீட்டில் எல்லோரும் அந்தப் பணத்தையே பார்த்துக்கொண்டிருப்பதால் பாட்டியின் சொந்த மருந்துக்கு மிஞ்சுவது குறைவு. மஷோனிசா எனப்படும் வட்டிக்காரர்கள் ஓய்வூதிய அட்டையையே அடகாக வாங்கி வைத்துக்கொள்வதும், மாதம் பிறந்ததும் அவர்களே பணத்தை எடுப்பதும் பெரிய கொடுமை. சில ஆண்டுகளுக்கு முன் ஓய்வூதியக் கணக்கிலிருந்தே செல்போன் ரீசார்ஜ், கடன், ஈமக் காப்பீடு என்று ஒப்புதல் இல்லாமல் பணம் பிடித்ததை எதிர்த்துச் சமூக அமைப்புகள் பெரிய இயக்கமே நடத்த வேண்டியிருந்தது.

கென்யாவில் ஓய்வூதியம் மாதம் 2,000 ஷில்லிங் என்கிறார்களே, அதில் என்ன ஆகும்?

கொஞ்சம்தான் ஆகும். பத்தாண்டுக்கும் மேலாக அதே 2,000, இடையில் மாவு விலையும் எண்ணெய் விலையும் எவ்வளவோ ஏறிவிட்டன. அதைவிடக் கொடுமை அது நேரத்துக்கு வராதது. மாதக்கணக்கில் நிலுவை வைத்துவிட்டு ஒரு நாள் மொத்தமாகப் போடுவார்கள், அதுவரை கடைக்காரரிடம் கடன் சொல்லிச் சொல்லி அந்தப் பெரியவரின் மானம் போயிருக்கும். என்னைக் கேட்டால், தொகை சின்னதாக இருந்தாலும் மாதாமாதம் ஒரே தேதியில் வருவதுதான் முதல் தேவை. மாத்திரை வாங்குகிறவருக்கு மார்ச் மாதப் பணம் ஜூலையில் வந்து பயனில்லை.

வயது வந்தும் பலருக்குக் கிடைப்பதில்லையே, ஏன்?

தாள்தான் முதல் எதிரி. 1940களில், 50களில் ஒரு கிராமத்தில் பிறந்தவருக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கே இருக்கும்? பெரிய வறட்சி வந்த வருடம், இன்ன தலைவர் இறந்த வருடம் என்றுதான் வயதைச் சொல்வார்கள். அதைக் கேட்டு எழுதிய அதிகாரி அடையாள அட்டையில் ஏதோ ஒரு வருடத்தைப் போட்டுவிடுகிறார். உகாண்டாவில் இந்த அட்டைப் பிழையால் 80 வயதைக் கடந்த பலர் பட்டியலில் வராமல் போனார்கள், சமூக அமைப்புகள் நீதிமன்றம் வரை போனது அதனால்தான். அப்புறம் கைரேகை. ஆயுள் முழுக்க மண்வெட்டி பிடித்தவரின் விரலில் ரேகை தேய்ந்துபோயிருக்கும், கருவி அவரை அடையாளம் காணாது, "நாளைக்கு வாருங்கள்" என்று சொல்லிவிடுவார்கள். அந்த நாளைக்கு அவர் மறுபடியும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

ஊர்ப் பெரியவர்கள், தேவாலயப் பதிவு, மூத்த பிள்ளையின் வயது, எதை வைத்தாவது வயதை ஒப்புக்கொள்ளும் நடைமுறை இருக்க வேண்டும். கைரேகை விழாவிட்டால் மாற்று வழி கட்டாயம் இருக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு ஆகாது.

முதியோருக்கு மருத்துவம் இலவசம் என்று பல நாடுகளில் சட்டமே இருக்கிறதே?

இருக்கிறது. தான்சானியாவில் 2003ல் வந்த முதியோர் கொள்கை 60 வயதைக் கடந்த வசதியற்றவர்களுக்கு இலவசச் சிகிச்சை என்றது. செனகல் 2006ல் பிளான் செசாம் என்ற பெயரில் 60 வயதைக் கடந்த எல்லோருக்கும் அரசு மருத்துவமனையில் இலவசம் என்று அறிவித்தது. கானாவின் தேசியக் காப்பீட்டில் 70 வயதைக் கடந்தவர்கள் சந்தா கட்ட வேண்டியதில்லை.

இனி நடைமுறையைப் பாருங்கள். செனகலில் அரசு மருத்துவமனைகளுக்குத் தர வேண்டிய பணத்தைச் சரியாகத் தரவில்லை, மருத்துவமனைகள் கடனில் மாட்டின, பிறகு முதியோரைப் பார்த்தாலே முகம் சுளிக்க ஆரம்பித்தன. பயனடைந்தவர்களில் பெரும்பாலோர் நகரத்துக்காரர்கள், விவரம் தெரிந்தவர்கள். தான்சானியாவில் மருத்துவரைப் பார்ப்பது இலவசம்தான், ஆனால் மருந்தறையில் மருந்து இருக்காது, சீட்டை எழுதிக் கொடுத்து வெளியே வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். கானாவில் 60க்கும் 70க்கும் நடுவில் இருக்கிற, ஓய்வூதியம் இல்லாத விவசாயி இந்தச் சலுகையும் இல்லாமல் நடுவில் விழுந்துவிடுகிறார்.

ஆப்பிரிக்க நாடுகளின் தலைவர்கள் 2001ல் அபுஜாவில் கூடி, பட்ஜெட்டில் 15 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவோம் என்று உறுதி எடுத்தார்கள். எட்டிய நாடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். இலவசம் என்ற வார்த்தையைச் சட்டத்தில் எழுதுவதற்குக் காசு வேண்டாம், மருந்தலமாரியை நிரப்பத்தான் வேண்டும்.

அங்கே முதியோரைப் படுத்துகிற நோய்கள் என்ன?

மலேரியாவும் காசநோயும்தான் என்று நினைத்தால் தவறு. பிபிதான் முதல் ஆள். உலக சுகாதார அமைப்பு நடத்திய பல நாட்டு ஆய்வில் தென் ஆப்பிரிக்காவில் 50 வயதைக் கடந்தவர்களில் முக்கால்வாசிக்கும் மேலானவர்களுக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது, அதில் பெரும்பாலோர் கட்டுப்பாட்டில் இல்லை. தலைவலியோ வலியோ இல்லாத நோய் என்பதால் பக்கவாதம் வந்து விழும் நாள் வரை தெரியாது. தென் ஆப்பிரிக்கா ரொட்டி முதலான உணவுகளில் உப்பின் அளவுக்கே சட்டத்தில் வரம்பு போட்டது, அது 2016ல் நடைமுறைக்கு வந்தது. நல்ல காரியம்.

அப்புறம் கண்புரை. இதைப் பற்றி நிறையப் பேச வேண்டும், ஏனென்றால் இது முழுக்கக் குணமாக்கக்கூடிய குருடு. அரை மணிக்கும் குறைவான அறுவை சிகிச்சை, விலை குறைந்த லென்ஸ், அடுத்த நாள் கட்டுப் பிரித்தால் பார்வை. ஆனாலும் ஆப்பிரிக்காவில் பார்வையிழப்புக்கு இன்னும் முதல் காரணம் அதுதான், அறுவை செய்யக் கண் மருத்துவர்கள் போதாது, இருக்கிற சிலரும் தலைநகரில் இருக்கிறார்கள். இங்கே நமக்கு நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் 1992லிருந்து குறைந்த விலையில் செயற்கை லென்ஸ் செய்கிறது, அது ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போகிறது. அரவிந்தின் முறையைக் கற்றுக்கொள்ள அங்கிருந்து மருத்துவர்களும் மருத்துவமனை நிர்வாகிகளும் மதுரைக்கு வந்து போகிறார்கள்.

எச்.ஐ.வி.யையும் மறந்துவிடக் கூடாது. முப்பது வயதில் தொற்று வந்து, மாத்திரையால் உயிரோடு இருப்பவர்கள் இப்போது ஐம்பது அறுபதைக் கடக்கிறார்கள், அது பெரிய வெற்றி. ஆனால் பல ஆண்டுகள் கணக்கெடுப்புகளே 15 வயது முதல் 49 வரைதான் பார்த்தன. கிழவிக்கு எதற்கு எச்.ஐ.வி. பரிசோதனை என்று செவிலியரே கேட்கிற நிலைமை. 2025 தொடக்கத்தில் அமெரிக்க உதவி திடீரென்று நிறுத்தப்பட்டபோது அந்தப் பணத்தில் ஓடிக்கொண்டிருந்த மையங்கள் பல தடுமாறிப்போயின, அதில் இந்த முதியோரும் அடக்கம்.

சரி, மருத்துவத்தை எப்படித்தான் சரிசெய்வது?

முதியோர் மருத்துவ நிபுணர்களை உருவாக்குவது நல்லதுதான். நைஜீரியாவில் இபாதான் பல்கலைக்கழக மருத்துவமனையில் 2012ல் முதியோருக்கென்றே ஒரு மையம் திறந்தார்கள், அந்த நாட்டில் அதுதான் முதல். ஆனால் நிபுணர்கள் வரும்வரை காத்திருக்க முடியாது. பிபியும் சுகரும் பார்க்க நிபுணர் வேண்டாம், பயிற்சி பெற்ற செவிலியரும் ஊர்ச் சுகாதாரப் பணியாளரும் போதும்.

எச்.ஐ.வி. சிகிச்சைதான் இதற்கு முன்மாதிரி. ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டிய லட்சக்கணக்கான ஏழைகளை, ஒழுங்காகப் பதிவு வைத்து, மருந்து தீராமல் பார்த்து, வராதவரைத் தேடிப்போய்க் கூட்டிவந்து கவனிக்க முடியும் என்று ஆப்பிரிக்கச் செவிலியர்கள் இருபது வருடமாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். அதே அறையில், அதே நாளில், அதே சீட்டில் பிபி மாத்திரையையும் கொடுக்க எது தடை? தென் ஆப்பிரிக்காவில் 2014லிருந்து, நோய் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு மாத்திரைகளை முன்கூட்டியே பொட்டலம் கட்டி வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள கடையிலோ கூடத்திலோ வாங்கிக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். விடியற்காலை நாலு மணிக்குப் போய் மருத்துவமனை வாசலில் வரிசையில் உட்காரும் வேலை மிச்சம்.

இதோடு நான் ஒன்று சேர்ப்பேன். ஓய்வூதியம் கொடுக்கிற நாளில் அந்த ஊரின் முதியோர் எல்லோரும் ஒரே இடத்தில் கூடுகிறார்கள். அங்கேயே ஒரு செவிலியர் பிபி கருவியோடும், இன்னொருவர் கண் பரிசோதனை அட்டையோடும் உட்கார்ந்தால் எத்தனை பக்கவாதத்தைத் தடுக்கலாம், எத்தனை கண்புரையைக் கண்டுபிடிக்கலாம். இரண்டு அமைச்சகங்கள் பேசிக்கொண்டால் போதும். செல்போனில் பணம் போடுவது பரவப் பரவ இந்தக் கூட்டம் கலைந்துவிடும், அதற்குள் செய்துவிட வேண்டும்.

படுக்கையில் விழுந்தவர்களை யார் பார்க்கிறார்கள்?

மகளோ, மருமகளோ, பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பேத்தியோ. சம்பளம் இல்லை, பயிற்சி இல்லை, ஓய்வும் இல்லை. தென் ஆப்பிரிக்காவில் முழுநேரக் கவனிப்பு தேவைப்படும் முதியவருக்கு ஓய்வூதியத்துக்கு மேல் ஒரு கூடுதல் தொகை உண்டு. மொரீஷியஸில் படுத்த படுக்கையாக இருக்கும் முதியோரின் வீட்டுக்கு அரசு மருத்துவர் வந்து பார்க்கிறார். மற்ற பெரும்பாலான நாடுகளில் இப்படி ஒன்றுமே கிடையாது. மறதி நோய் வந்தவர்களின் வீடுகள்தான் மிகவும் தனித்துப்போகின்றன.

சூனியக்காரி என்று சொல்லிக் கொல்கிறார்களாமே, அது உண்மையா?

உண்மை. தான்சானியாவின் சுகுமா பகுதியில் வயதான பெண்கள் பலர் இப்படிக் கொல்லப்பட்டிருக்கிறார்கள். சாண எருவை எரித்துப் புகையிலேயே சமைத்துச் சமைத்து அவர்கள் கண் சிவந்துபோகும், அந்தச் சிவந்த கண்ணையே சூனியத்துக்கு அடையாளமாகச் சொன்னார்கள். கானாவின் வடக்கில் கம்பாகா போன்ற ஊர்களில் பழிசுமத்தப்பட்டு விரட்டப்பட்ட பெண்கள் வாழும் முகாம்களே இருக்கின்றன. அதே பகுதியில் 2020 ஜூலையில் 90 வயதுப் பெண் ஒருவரைப் பலர் பார்க்க அடித்துக் கொன்றார்கள். அதற்குப் பிறகு 2023ல் நாடாளுமன்றம் இதற்கெதிராக ஒரு மசோதாவை நிறைவேற்றியது, ஆனால் அப்போதைய அதிபர் கையெழுத்திடவில்லை.

மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். பழி யார் மேல் விழுகிறது என்று பாருங்கள்: விதவை, தனியாக இருப்பவர், நிலம் வைத்திருப்பவர், மறதியால் ஏதேதோ பேசுகிறவர். நிலத்தின் மேல் கண் வைத்த உறவினர் அதில் அடிக்கடி இருப்பார். அதனால் சட்டம் வேண்டும், விதவையின் பெயரில் பட்டா வேண்டும், மறதி நோய் என்றால் என்ன என்று ஊருக்குச் சொல்லவும் வேண்டும். கையில் மாதப் பணம் வருகிற பாட்டியை வீட்டில் பாரமாக யாரும் நினைப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதியோர் வாங்கிக்கொள்கிறவர்கள் மட்டும்தானா?

நிச்சயமாக இல்லை. பேரப்பிள்ளைகளை வளர்ப்பதை மேலே சொன்னேன். இன்னொன்று ஜிம்பாப்வேயின் நட்பு பெஞ்சு. 2006ல் ஹராரேயில் ம்பாரே பகுதியில் டிக்ஸன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 14 பாட்டிகளோடு ஆரம்பித்தது. நாட்டில் மனநல மருத்துவர்கள் ஒரு கைப்பிடி அளவுதான், ஆகவே ஊரில் எல்லோரும் நம்பிப் பேசுகிற பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்தின் வெளியே ஒரு மர பெஞ்சில் உட்கார வைத்தார். மனம் உடைந்து வருகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார், பாட்டி கேட்பார், எந்தப் பிரச்சினையை முதலில் எடுத்துக்கொள்வது என்று இருவருமாக முடிவு செய்வார்கள். 2016ல் வெளியான முறையான ஆய்வில் ஆறு மாதம் கழித்தும் அவர்களுடைய மனச்சோர்வு வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தது. அந்த முறை பிறகு நியூயார்க் வரை போனது. இந்த மாதிரி வேலைக்குப் பாட்டிகளுக்குச் சரியான ஊதியம் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து, சேவை என்று சொல்லிச் சும்மா வாங்கிக்கொள்வது நியாயமில்லை.

இதற்கெல்லாம் கண்டம் முழுமைக்கும் சட்டம் ஏதாவது உண்டா?

உண்டு, இப்போதுதான் உயிர் பெற்றிருக்கிறது. முதியோர் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஆப்பிரிக்க ஒன்றியம் 2016 ஜனவரியில் அடிஸ் அபாபாவில் ஏற்றது. 15 நாடுகள் உறுதி செய்தால்தான் அமலுக்கு வரும் என்பது விதி. அந்த 15 சேர எட்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று, 2024 நவம்பரில் அமலுக்கு வந்தது. ஓய்வூதியம், மருத்துவம், வீட்டிலேயே கவனிப்பு, விதவைகளின் சொத்துரிமை, சூனியப் பழியிலிருந்து பாதுகாப்பு எல்லாம் அதில் இருக்கின்றன. உலக அளவில் இப்படி ஓர் ஒப்பந்தம் இன்னும் இல்லை, 2025 ஏப்ரலில்தான் ஐ.நா. மனித உரிமை மன்றம் அதை எழுதக் குழு அமைக்க முடிவெடுத்தது. உறுதி செய்யாத ஆப்பிரிக்க நாடுகளே இன்னும் பெரும்பான்மை.

இங்கிருந்து நான் ஏதாவது செய்ய முடியுமா?

பணம் கொடுக்க நினைத்தால் கண்புரை அறுவைக்குக் கொடுங்கள், கொடுத்த காசின் பலன் உடனே தெரிகிற வேலை அது. வேறு தொண்டு நிறுவனத்துக்குக் கொடுப்பதாக இருந்தால் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் திட்டத்தில் பயனடைவோர் கணக்கை வயது வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறீர்களா, அதில் 60க்கு மேல் எத்தனை பேர்? பல நிறுவனங்கள் "50+" என்று ஒரே கட்டத்தில் எல்லோரையும் போட்டுவிடுகின்றன, அப்போது 55 வயதுக்காரரும் 85 வயதுக்காரரும் ஒன்றாகிவிடுகிறார்கள். தென் ஆப்பிரிக்காவின் டர்பனிலோ மொரீஷியஸின் போர்ட் லூயிஸிலோ உறவினர் இருந்தால், அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் ஓய்வூதியம் வாங்குகிறார்களா, அட்டை அவர்கள் கையிலேயே இருக்கிறதா, பிபி கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று அடுத்த முறை பேசும்போது கேட்டு வையுங்கள்.